ஓடுறது, நின்னது, பாக்கி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நெடுங்காலம் தலையாய பணியாற்றிய மஞ்சள் ஹெல்மெட் ஒன்று, இன்று காலை நாஷ்டா முடிந்த கையோடு, நம் வீட்டுப் பள்ளியின் பென்சில் டப்பாவாகப் பதவி உயர்வு பெற்றது. உத்தரவிட்டவர் தலைமையாசிரியர், அதாவது நான். விழாவில் பென்சில்கள், தலை கடிபட்ட ரப்பர், மூக்குடைந்த ஷார்ப்னர் ஆகியோர் கலந்துகொண்டு சிறப்பித்தனர். வாழ்த்துரை வழங்க ஆள் இல்லாததால் குக்கர் விசில் அடித்தது.

ஹெல்மெட் உன்னுடையதுதான் சித்தப்பா. உன் கூட்டாளி லாக்கரைக் காலி செய்து கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து ஹாலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை முறை துடைத்தாலும் உள்பட்டையில் மிஷின் ஆயிலும் தேங்காயெண்ணெயும் கலந்த உன் நாற்றம் போகவில்லை. வாசனை என்று எழுதத்தான் கை போனது. நீ நம்ப மாட்டாய் என்பதால் நாற்றம் என்றே விட்டுவிட்டேன்.

ஏதோ உருக்கமான கடிதம் என்று நினைத்து மூக்கைச் சிந்தத் தயாராகாதே. இது புகார் மனு. உனக்குப் பிறகு இந்த வீட்டில் கண் கலங்காத ஒரே ஆம்பளை நான்தான். அப்பா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறார். சித்தி வெங்காயம் நறுக்கும் வேலையை யாருக்கும் விட்டுத்தருவதில்லை. அம்மா சீரியல் பார்த்து அழுவதாகச் சொல்கிறாள். டிவி ஆஃபில் இருக்கிறது. யாராவது ஒருவன் உலர்ந்து இருக்க வேண்டாமா? நான் இருந்தேன். எனக்கு உன் மேல் இருந்தது கோபம், சுத்தமான, தண்ணீர் கலக்காத கோபம்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் புகார் என்றால் முன்கதை வேண்டும்.

உன் மகள் குட்டிக்கு வீசிங். யு.கே.ஜி. போன வருஷம் முழுக்க, லாரிகளுக்கு நடுவே அந்த வேனில் போய் வந்து, வாரத்தில் பாதி நாள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாள். டாக்டர், ஒரு வருஷம் வேனும் கூட்டமும் வேண்டாம், வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள், அப்புறம் நேராக இரண்டாம் வகுப்பில் சேர்க்கலாம் என்றார். நீ அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாய். "ஒண்ணாங்கிளாஸ் ஊட்லயே. இன்னா பாடம்னு நான் பாத்துக்குறேன். எவனும் மூக்க நுழைக்கக் கூடாது" என்றாய். எங்கள் வீட்டில் மூக்குக்குப் பஞ்சமா? எல்லா மூக்கும் நுழைந்தது.

அப்பா அரசுப் பாடப் புத்தகம் வாங்கி வந்தார். "நானு, நீ, ரெண்டு பேரும் இதுலதான்டா படிச்சோம். கெட்டா போயிட்டோம்?" என்றார். நீ அவரை ஏற இறங்கப் பார்த்தாய். அம்மா, செவ்வாப்பேட்டை மாமா வீட்டுப் பையன் படித்து முடித்த சி.பி.எஸ்.இ. புத்தகங்களைக் கட்டோடு தூக்கி வந்தாள். சித்தி, போனில் பார்த்து, மரத்தில் செய்த மணிகளும் வண்ண அட்டைகளும் கொண்ட பெட்டி ஒன்றை வரவழைத்தாள். பாடத்திட்டம் என்ற சொல்லில் பாடம் முதலில் வருகிறது, அதை ஒட்டியே திட்டும் வருகிறது என்பதை நான் அந்த வாரத்தில்தான் கண்டுபிடித்தேன். சிலபஸ் கதையும் அதேதான். சில பஸ் வந்தது, எதில் ஏறுவது என்று சண்டை போட்டு எல்லோரும் ஸ்டாப்பிலேயே நின்றோம்.

அந்த ஆன்லைன் வகுப்புக்காரன் போன் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "குழந்தையோட ரெண்டு நிமிஷம் பேசி லெவல் பாக்கணும் சார்" என்றான். குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஹலோ அங்கிள்" என்றேன்.

"பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"

"சம்பளம் அங்கிள். உங்களுக்கு இந்த மாசம் இன்கிரிமென்ட் போட்டாங்களா?"

நீ வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு சுவரோடு சுவராகச் சரிந்தாய். அவன் போனைப் பெரியவர்கள் யாரிடமாவது கொடுக்கச் சொன்னான். பிறகு உன்னிடம், "சார், உங்க பாப்பாவுக்கு வயசுக்கு மீறின முதிர்ச்சி. சாதாரண கோர்ஸ் போதாது, அட்வான்ஸ் கோர்ஸ்தான்" என்றான். குரலும் கட்டைக் குரல், தொண்டை கட்டியிருக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தான். நல்ல மனுஷன்.

இப்படியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை பி ஷிப்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "முடிவு பண்ட்டேன். ஞாயித்துக்கெழம எல்லாரையும் உக்கார வெச்சி சொல்றேன்."

சனிக்கிழமை நீ இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய், அவ்வளவுதான். வயசு முப்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தோம். சொல்லத்தான் நீ இல்லை.

என் கோபம் புரிகிறதா? எந்தப் புத்தகம் என்று ஒரு வார்த்தை. செருப்பு மாட்டும் நேரத்தில் சொல்லியிருக்கலாம். உன் போனைக் குடைந்து பார்த்தோம். அப்பா அனுப்பிய புத்தக போட்டோவுக்கு 'சூப்பர்' என்று பதில் போட்டிருக்கிறாய். அம்மா அனுப்பியதற்கும் 'சூப்பர்'. சித்தியின் மணிப் பெட்டிக்கு 'சூப்பர்', கூடவே ஒரு இதயம். என் தம்பி சம்மதம் எனக்குத்தான் என்று அப்பா. கொழுந்தனார் எனக்குத்தான் தலையாட்டினார் என்று அம்மா. இதயம் யாருக்கு வந்தது என்று சித்தி. செத்தும் இந்த மூன்று பேரையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்த ஒரே ஆள் நீதான். இந்த விளையாட்டில் உன்னை மிஞ்ச என்னால் முடியாது.

காரியம் முடிந்த கையோடு ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்த உன் மாமனார் சித்தியிடம் பேசினார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இங்க தூசி, பொக. அங்க நம்ம ஊட்டுக்கு எதுர்லயே ஸ்கூலு, நடந்தே போலாம். புள்ளய கூட்டினு வந்துடும்மா" என்றார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு, "அவுரு இங்கதான் இருக்கணும்னு ஆசப்பட்டாரு நைனா. என் வேலயும் இங்கதான்" என்றாள். கடைசியில் அவர் ஒரு கெடு வைத்தார்: "பொங்கல் கழிச்சி வருவேன். புள்ள படிக்கிதான்னு பாப்பேன். ஒண்ணும் ஏறலன்னா ரெண்டு பேரையும் கூட்டினு போயிடுவேன். அப்ப யாரும் பேசக் கூடாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் எரிச்சல். தப்பாகப் பேசியிருந்தால் அவர் செருப்பை ஒளித்து வைத்தாவது பழி தீர்த்திருப்பேன். நியாயமாகப் பேசுகிறவரை என்ன செய்வது? குட்டி போய்விட்டால் இந்த வீட்டில் உன் ஹெல்மெட்டும் நாங்களும்தான்.

எனவே பள்ளி அவசரமாகத் தொடங்கியது. அப்பா, தன் ஷிப்ட் எதுவோ அதற்குத் தகுந்த நேரத்தில் அரசுப் புத்தகம். அம்மா சமையலுக்கு நடுவே இங்கிலீஷ். சித்தி பேக்கிங் வேலை முடிந்து வந்து மணிகள். நான் பிளஸ் ஒன் வகுப்பு முடிந்து வந்து சாயங்காலமும் சனிக்கிழமையும் கணக்கு. யாரும் கேட்காமலேயே தலைமையாசிரியர் பதவியையும் எடுத்துக்கொண்டேன்.

ஆடி போய் ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது. எவ்வளவு சொல்லியும் குட்டி எல்லாப் புத்தகத்திலும் முதல் பாடத்திலேயே நின்றாள். அப்பா ஏ ஷிப்டிலிருந்து சி ஷிப்டுக்கு மாறினால், போன வாரம் எங்கே விட்டோம் என்பதை மறந்து, "குட்டி, இது இன்னா எழுத்து?" என்று அ-விலிருந்து ஆரம்பிப்பார். அவள் கண்ணை உருட்டி, "தெரியல பெரியப்பா" என்பாள். அம்மா புத்தகத்திலும் ஆப்பிளைத் தாண்டவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பாடத்தைத்தான் குறை சொன்னார்கள். "உன் புத்தகம்தான் புள்ளய கொழப்புது." "ஆமா, மணிய உருட்டினா எழுத்து வந்துடுமா?" சுத்த பேஜார்.

ஒரு நாள் ஸ்கூல் சீக்கிரம் விட்டார்கள். குட்டியைப் பயமுறுத்தலாம் என்று பின்வாசல் வழியாகப் பூனை மாதிரி வந்தேன். அவள் ஹாலில் தண்ணீர் கேனை உட்காரவைத்து அதற்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நாற்காலியில் ஏறி நின்று, உன் ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை விரலால் தொட்டு, "பா-து-காப்-பே மு-தல்" என்று படித்தாள். கேனைப் பார்த்து, அப்பா குரலில், "தெரியலயா? பரவால்ல, இன்னொரு தபா சொல்றேன்" என்றாள்.

'பே' என்று கத்த வந்தவன் பேபே என்று நின்றேன்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

திடுக்கிடவே இல்லை, உன் மகள் அல்லவா. "தெரியும்."

"எப்பத்துலேந்து?"

"ரொம்ப நாளா."

"அப்புறம் ஏன் பெரியப்பாகிட்ட தெரியலன்ற?"

நாற்காலியிலிருந்து இறங்கி, எனக்குப் புரியவைக்கிற பொறுமையோடு சொன்னாள். "தெரியும்னு சொன்னா, வெரி குட்னு சொல்ட்டு எழுந்து போயிடுறாரு. ரூம்ல போய் செவுத்த பாத்துக்கினு படுத்துக்குறாரு. தெரியலன்னா பக்கத்துலயே குந்திக்கினு இருப்பாரு. சிரிப்பாரு."

"உங்கம்மாகிட்ட?"

"நீல மணிய செவப்புல போட்டா அம்மா கையப் புடிச்சி சொல்லிக் குடுக்கும். கரெக்டா போட்டா போன் எட்த்து அப்பா போட்டோ பாக்கும்."

தொண்டையில் ஏதோ அடைத்தது. மதியம் சாப்பிட்ட புளிசாதம்தான், வேறொன்றுமில்லை. பேச்சை மாற்ற, "அப்ப என்கிட்டயும் சும்மாதான் தெரியலன்றியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. உன்கிட்ட நெசமாவே தெரியல. நீ சொல்றது புரிய மாட்டேங்குது."

தலைமையாசிரியரின் தலை போனது. மிச்சம் ஆசிரியர்.

அன்று சாயங்காலம் யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் கம்பெனி கேட் ஞாபகத்துக்கு வந்தது. மழை நாள். உனக்குக் குடை கொண்டுவந்து நான் கேட்டில் காத்திருந்தேன். ஷிப்ட் முடிந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், பஸ் ஹாரன் அடித்தது, கிளம்பியும் போய்விட்டது. உன்னைக் காணோம். கடைசி ஆளாக வந்தாய். கத்தினேன். "அடுத்த ஆப்பரேட்டர் லேட்டுடா. கிரேன ஒப்படைக்காம எப்டி வர்றது?" என்றாய். பேப்பரில் எழுதிவைத்துவிட்டு வரவேண்டியதுதானே என்றதற்குச் சிரித்தாய். "எழுதி வெச்சா எவனும் படிக்க மாட்டான். நின்னு, மூஞ்ச பாத்து, வாயால சொல்லணும். இது ஓடுது, இது நின்னுச்சி, இது பாக்கி. மூணே வார்த்த. அத கேக்காம ஏறினான்னா, பிரேக் இழுக்குதுன்னு தெரியாம லோட தூக்குவான்." அப்புறம் இருவரும் ஒரே குடையில் நனைந்துகொண்டே நடந்தோம். குடையின் பெரும்பாகம் உன் பக்கம் இருந்தது. அதையும் புகாரில் சேர்த்துக்கொள்.

இந்த வீட்டில் ஒப்படைக்காமல் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. அதுதான் கோளாறு. ஆனால் எல்லா ஷிப்டிலும் இருக்கிற ஒரே ஆள் குட்டி. அவளையே சொல்லவைத்தேன். அடுத்து யார் பாடம் சொல்ல உட்கார்ந்தாலும், முதலில் அவள் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: ஓடுறது, நின்னது, பாக்கி. பெரியவர்களுக்கு ஒரு சட்டம்: தெரியும் என்று அவள் சொன்னாலும் எழுந்து போகக் கூடாது.

அப்பாவுக்கு அந்தக் காரணத்தைச் சொன்னபோது அவர் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்தார். திரும்பி வந்து குட்டி பக்கத்தில் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். மார்கழி வருவதற்குள் அரசுப் புத்தகம் பாதிக்கு மேல் போய்விட்டது. எந்தப் பாடத்திட்டம் ஜெயித்தது என்று கேட்கிறாயா? எல்லாமே ஓடுகின்றன சித்தப்பா. தமிழ் அப்பாவுடையது, இங்கிலீஷ் செவ்வாப்பேட்டையுடையது, கூட்டலுக்குச் சித்தியின் மணிகள். இதற்காகவா அத்தனை மாசம் அடித்துக்கொண்டோம்! ஒருவேளை நீ எல்லோருக்கும் 'சூப்பர்' போட்டது இதனால்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. உடனே தள்ளிவிட்டேன். உனக்கு அவ்வளவு மூளை இருந்ததாக நான் எழுதிக் கொடுக்க முடியாது.

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை. ஆகையால் உன் மாமனார் கரும்பும் மஞ்சள் கொத்தும் இல்லாமல், ஒரு பை வேர்க்கடலையோடு மறுவாரம் வந்தார். தண்ணீர் குடித்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த பேப்பரை எடுத்து, "வாம்மா, இத படி" என்றார். சித்தி சமையலறை வாசலில் நின்றிருந்தாள், கையில் வெங்காயம் இல்லாமலே கண் நிறைந்து. எனக்கும் அப்பாவுக்கும் மூச்சே இல்லை. வீட்டில் சரியாக மூச்சு விட்டது குட்டி ஒருத்திதான்.

அவள் பேப்பரைத் தொடவில்லை. "தாத்தா, மொதல்ல ஹேண்ட்ஓவர். அப்புறம்தான் உன் ஷிப்ட்டு" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னாது?"

"கேளு. ஓடுறது: தமிழ் ஓடுது. ஒத்தெழுத்து வந்தா மட்டும் லேசா இழுக்குது. கூட்டல் ஓடுது. இங்கிலீஷ்ல பி-யும் டி-யும் எடம் மாறிக்கிது, பெரியம்மா பாத்துக்கினு இருக்கு. நின்னது..." என்று என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். ஆனால் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்ட முட்டாள் யார்?

"நின்னது அண்ணன். சனிக்கெழம கழித்தல் சொல்லிக் குடுக்கறேன்னு அப்பா ஹெல்மெட்ட எறக்கி, அதுல புளியங்கொட்ட போட்டுச்சி. அப்புறம் கொட்டையெல்லாம் கீழ கொட்டிட்டு, ஹெல்மெட்ட மூஞ்சில கவுத்துக்கினு அழுதுச்சி. ரொம்ப நேரம். நான் கொட்டைய பொறுக்கி வெச்சிட்டேன். பாக்கி: கழித்தல்."

அப்பா என்னைப் பார்த்தார், சித்தி பார்த்தாள், ஆணியில் இருந்த ஹெல்மெட்கூட பார்த்த மாதிரி இருந்தது.

பெரியவர் பேப்பரை மடித்துப் பையில் வைத்தார். "இப்டி தெனம் சொல்லுதா?"

"தெனம் நைனா" என்றாள் சித்தி.

துண்டை உதறிப் போட்டுத் தரையில் சம்மணமிட்டார். "கழித்தல்தான பாக்கி? கொட்டைய கொண்டா." புளியங்கொட்டை வேண்டாம், வேர்க்கடலை போதும் என்று குட்டி முடிவு செய்தாள். கழிக்கக் கழிக்க இருவரும் தின்றார்கள். சாயங்காலம் வரை ஓடியது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சித்தியிடம், "ஜூன் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். மாசத்துல ஒரு தபா நானும் வரேன், எனக்கும் ஒரு ஷிப்ட்டு போட்டு வையுங்க" என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நைனா, அழுவணும்னா ரெஸ்ட்ல அழு. மிஷின நிறுத்திட்டு அழுவாத."

ஆகவே, மேலே ஓரிடத்தில் கண் கலங்காத ஒரே ஆம்பளை என்று ஒருவன் எழுதியிருப்பான் பார், அந்த வரியை அடித்துவிட்டுப் படி. தண்ணீர் கலக்காத கோபம் என்றதில் தண்ணீரும் கலந்துதான் இருந்தது. புளிசாதம் பாவம், அதன் மேல் பழி போட்டேன்.

இன்னொன்று. பென்சில் டப்பா உத்தரவு என்னுடையதில்லை. குட்டியுடையது. இன்று காலை அவளே நாற்காலி போட்டு ஹெல்மெட்டை இறக்கி, பென்சில்களை அடைத்து, என் கையில் கொடுத்தாள். ஏன் என்றேன். "இதுல பென்சில் இருந்தா நீ மூஞ்ச வெக்க முடியாதுல்ல" என்றாள்.

வைக்க முடிகிறது சித்தப்பா. முதலில் பென்சில்களை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.